கடன் வாங்கிக் கழித்தல்

பொறியியல் மூன்றாம் ஆண்டு முடிந்து கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். மே மாதம். ஆற்றில் வெறும் மணல், வயலில் வெடிப்பு, பகல் முழுக்கச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போது நான் துறையில் முதல் மாணவன். பல்கலைக்கழகத் தரவரிசையில் பெயர் வரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். எதிர்வீட்டு அத்தை ஒருநாள், "சும்மாதானே இருக்கே, இந்தப் பயலுக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக்குடேன்" என்றார். அடுத்த வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுப்பது பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்று என்பதைவிட, மூன்று வருடம் படித்ததில் கிடைக்காத ஏதோ ஒன்று அங்கே கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு பின்னத்தை உளுந்து வடையை வைத்து விளக்கியதும் பிள்ளைகளின் முகம் மாறும். அதைப் பார்ப்பதற்காகவே மாலை நாலு மணிக்குக் காத்திருந்தேன். கல்லூரி நண்பனுக்கு போன் போட்டு, "மச்சான், நான் வாத்தியார் ஆயிடலாம்னு இருக்கேன்டா" என்றுகூடச் சொன்னேன்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. எனக்குப் பிடித்திருந்தது அவர்களுக்குப் புரிந்தது அல்ல, என்னால் புரிந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். எட்டுக் குரலும் ஒன்றாக "புரிஞ்சுதுண்ணே" என்று சொல்லும். அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. சொல்லிக்கொடுப்பவன் தன்னுடைய நிம்மதிக்காகக் கேட்கும் கேள்வி அது.

வந்தவர்களில் ஒரு பெண், ஆறாம் வகுப்புக்குப் போகிறவள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து வந்தாள். அவள் கழித்தல் கணக்குகள் எல்லாம் தப்பாக இருந்தன. 42-லிருந்து 17 போனால் 35 என்று எழுதுவாள். 63-லிருந்து 28 போனால் 45. சிவப்பு மையில் சுழித்து "கவனம்" என்று எழுதுவேன். அடுத்த நாளும் அதே மாதிரி. சரியாகப் பத்து அதிகமாக இருக்கும், எப்போதும். ஒரு நிரலில் இதே பிழை திரும்பத் திரும்ப ஒரே அளவில் வந்திருந்தால், இது கவனக்குறைவு இல்லை, உள்ளே ஏதோ விதி இருக்கிறது என்று நான் அந்த நிமிடமே கண்டுபிடித்திருப்பேன். எந்திரத்துக்குக் கொடுத்த மரியாதையை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

இரண்டாம் வாரக் கடைசியில் அவளே கேட்டாள்.

"அண்ணே, பக்கத்துல இருந்து கடன் வாங்குறோம்ல, அதை எப்பண்ணே திருப்பிக் குடுக்கணும்?"

நம் பள்ளிகளில் அந்தக் கணக்குக்குப் பெயரே கடன் வாங்கிக் கழித்தல்தானே. 2-லிருந்து 7 போகாது, அதனால் பக்கத்திலிருக்கும் 4-இடம் ஒன்று கடன் வாங்கு, 12 ஆக்கு, 4 இப்போது 3. இவ்வளவையும் அவள் சரியாகச் செய்திருந்தாள். எல்லாம் முடிந்தபிறகு, வாங்கின ஒன்றைப் பத்தாம் இடத்தில் திருப்பி வைத்திருந்தாள். 25 வரவேண்டிய இடத்தில் 35 வந்தது அதனால்தான். வாரம் தவறாமல் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்து உட்காரும் தெரு அது. கடன் என்றால் திருப்பித் தரவேண்டும் என்பது அவளுக்குப் பாடம் இல்லை, வாழ்க்கை.

நான் சொன்ன பதிலை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. "அது கணக்குக் கடன். திருப்பியெல்லாம் குடுக்க வேணாம்" என்றேன். திண்ணையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், அவள் திண்ணையில் இல்லை. இரண்டு வாரமாகப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இல்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது, எனக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததாலேயே கண்ணில் படவில்லை.

நான் அவளை மேலே வரச் சொன்னேனா? இல்லை. பாட்டி உள்ளே இருந்தாள். நான் இறங்கிப் படியில் உட்கார்ந்தேனா? அதுவும் இல்லை. தைரியம் இல்லாதவன் கண்டுபிடிக்கும் வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன்: "இங்கே வெயில் அடிக்குது" என்று சொல்லி வகுப்பை ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கு மாற்றினேன். சாவி கேட்கத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போனேன். முப்பது வருடத்துக்குமேல் பணியில் இருந்தவர். எனக்குப் பாடம் நடத்துவது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அவரிடமும் சொன்னேன். சாவியைக் கொடுத்துவிட்டு, "ஒரு மாசம் எல்லாருக்கும் பிடிக்கும் தம்பி. ஜூன்லேருந்துதான் பாடம்" என்றார்.

அன்று அதை ஒரு களைத்துப்போன மனுஷியின் வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன்.

*

தஞ்சை மண்ணில் நன்றாகப் படிக்கும் பையன்களுக்கு இரண்டு முன்மாதிரிகள் உண்டு. இரண்டுமே கும்பகோணம் அரசுக் கல்லூரியோடு தொடர்புடையவை. ஒருவர் ராமானுஜன். 1904-ல் அங்கே சேர்ந்து, கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தவர். இன்னொருவர் உ.வே.சாமிநாதையர். 1880 முதல் 1903 வரை அங்கே தமிழாசிரியராக இருந்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிப் போனவர். ஒருவர் வெளியேறியதற்கு மறு ஆண்டு மற்றவர் உள்ளே வந்தார்.

எங்கள் வீட்டில் ராமானுஜன் படம் மாட்டியிருந்தது. ரேங்க் வாங்கும் பையன் இருக்கும் வீட்டில் அவர் படம்தான் மாட்டுவார்கள். ஆனால் ராமானுஜன் டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கப் பார்த்து, அதில் சரிப்படாமல் போனவர். பாடத்திட்டத்துக்குள் அவரால் நிற்க முடியவில்லை என்று படித்திருக்கிறேன். அறிவின் உச்சியில் இருப்பவருக்குக் கற்பிக்க வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அது குறையும் இல்லை. நன்றாகப் படிப்பதும் நன்றாகக் கற்பிப்பதும் ஒரே திறமையின் இரண்டு பக்கங்கள் என்று நாம் வைத்திருக்கும் நம்பிக்கைதான் குறை.

எனக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள உதவியவர் உ.வே.சா. அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம்தான். 1871-ல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அந்தக் கல்விமுறையில் மாணவன், ஆசிரியன் என்ற கோடு இன்றுபோல அழுத்தமாக இல்லை. மூத்த மாணவர் புதியவருக்குப் பாடம் சொல்வார். உ.வே.சா.வுக்கே தொடக்கத்தில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் பாடம் சொல்லியிருக்கிறார். 1876-ல் பிள்ளை காலமானபின், திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் கற்றுக்கொண்டே உ.வே.சா. மற்றவர்களுக்குப் பாடம் சொன்னார். 1880-ல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, அவருடைய முயற்சியால் அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. எந்தப் பட்டமும் இல்லாமல், இருபத்தைந்து வயதில், கல்லூரி ஆசிரியர். அந்தக் காலத்துத் தமிழ்ப் படிப்பில் அதைவிடச் சிறந்த மாணவன் ஒருவன் இருக்க முடியாது.

அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். உ.வே.சா. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று பட்டியல் போடுகிறார். முதலியார் அசையவில்லை. இதற்கெல்லாம் முந்தைய நூல்களைப் படித்தது உண்டா, சீவக சிந்தாமணி படித்தது உண்டா என்கிறார். உ.வே.சா. படித்ததில்லை. பிறகு முதலியார் ஒரு பிரதியைக் கொடுத்து, அதைத் தனக்குப் பாடம் சொல்லச் சொல்கிறார்.

இந்தக் காட்சியைப் பலரும் பழந்தமிழ் நூல்கள் மீண்ட கதையின் தொடக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஒரு முதல் மாணவனுக்கு, ஆசிரியனான எட்டே மாதத்தில், பாடம் கேட்க வந்தவரிடமிருந்து விழுந்த அடி இது. அவர் வேறு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அது சமண நூல், மடத்தில் நாங்கள் படிப்பதில்லை என்று சொன்னால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் செய்தது, தனக்குத் தெரியாத நூலை, தெரியாது என்ற நிலையிலேயே, இன்னொருவருக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தது. நச்சினார்க்கினியர் உரையோடு மல்லுக்கட்டினார். உரையில் வரும் சமணச் சொற்கள் பிடிபடவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து அவர்கள் வீட்டுக்குப் போனார். அங்கே சிந்தாமணியைப் புத்தகமாக மட்டும் வைத்திருக்கவில்லை. அதை முறையாகப் படித்து, படித்து முடித்த நாளை விசேஷமாகக் கொண்டாடுகிற குடும்பங்கள் இருந்தன. சைவ மடத்தில் வளர்ந்த ஆசிரியர் அங்கே மாணவனாக உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். ஏழு வருடம் கழித்து, 1887-ல், சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை.

உ.வே.சா. தன் ஆசிரியருக்குப் பட்ட கடனைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இரண்டு பாகத்தில் வாழ்க்கை வரலாறே எழுதினார். குருவுக்குப் பட்ட கடன் என்பது நமக்குப் பழக்கமான சொல். ஆனால் சிந்தாமணி எந்தக் கடனிலிருந்து வந்தது? பாடம் கேட்க வந்தவரின் கேள்வியிலிருந்து. ஆசிரியர் பதில் சொல்ல முடியாமல் நின்ற அந்த இடத்தில் ஒரு கடன் உண்டாகிறது. அது மாணவனுடையது இல்லை, ஆசிரியருடையது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கற்பித்தலை நாம் கொடை என்று நினைக்கிறோம். அது கடன். கேள்வி கேட்டவரிடம் பட்ட கடன்.

*

இதற்கு எதிராக ஒரு பெரிய உதாரணம் உண்டு. பிளாட்டோவின் மெனோ உரையாடலில், சாக்ரடீஸ் மெனோவின் அடிமைப் பையன் ஒருவனை அழைத்து, மண்ணில் ஒரு சதுரம் வரைந்து, இதைப்போல் இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் என்ன என்று கேட்கிறார். பையன் பக்கத்தை இரட்டிப்பாக்குகிறான், தப்பு. ஒன்றரை மடங்கு என்கிறான், அதுவும் தப்பு. கடைசியில் மூலைவிட்டம்தான் விடை என்று வந்து சேர்கிறான். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேள்விகள்தான் கேட்டேன், விடை அவனுக்குள்ளேயே இருந்தது என்கிறார் சாக்ரடீஸ். கேள்வி கேட்டே கற்பிக்கலாம் என்பதற்கு உலகமே காட்டும் உதாரணம் இது.

கல்லூரியில் படித்தபோது எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. வராந்தா வகுப்புக்குப் பிறகு வாசித்தபோது வேறொன்று உறுத்தியது. அந்தப் பையன் சாக்ரடீஸை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சதுரம் எதற்கு என்று கேட்பதில்லை. பாடம் முடிந்ததும் பேச்சு மெனோவிடம், அறம் என்றால் என்ன என்ற விவாதத்துக்குத் திரும்பிவிடுகிறது. அவன் அடிமையாக வந்தான், மூலைவிட்டம் தெரிந்த அடிமையாகத் திரும்பினான். அறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் நின்ற அவன் கண்ணில் படவில்லை, எனக்குப் படி கண்ணில் படாத மாதிரி. கேள்விகள் எல்லாம் ஆசிரியரிடமிருந்தே வரும் இடத்தில் ஆசிரியருக்கு எந்தக் கடனும் உண்டாவதில்லை.

உ.வே.சா.வின் கதையிலும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. கேள்வி கேட்ட முதலியார் ஒரு முன்சீப். அவர் கேள்விக்கு எடை இருந்தது. பிள்ளையிடம் சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் பாடம் கேட்டிருக்கிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த மடத்தின் நெல்லை விளைவித்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அந்த வரிசையில் உட்கார்ந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. அவர்களிடமும் கேள்விகள் இருந்திருக்கும். கேட்க இடம் இல்லாததால், பதில் சொல்லவேண்டிய கடனும் யாருக்கும் ஏற்படவில்லை.

*

வராந்தாவுக்கு மாறிய முதல் நான்கு நாள் அவள் வரவில்லை. அந்த நான்கு நாளும் அவள் கேள்வி என்னை விடவில்லை. இரண்டாம் ஆண்டில் கணினி எப்படிக் கழிக்கிறது என்று படித்திருக்கிறேன். டூஸ் காம்ப்ளிமெண்ட்: கழிக்கவேண்டிய எண்ணைத் தலைகீழாக்கி, ஒன்று கூட்டி, அதைக் கூட்டிவிடுவது. தேர்வில் அதற்கு முழு மதிப்பெண். ஆனால் காகிதத்தில் வாங்கும் அந்த ஒன்று ஏன் திரும்பத் தரப்படுவதில்லை என்று பதினொரு வயதுப் பெண்ணுக்கு விளங்கும்படி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதாவது, எனக்கே அது விளங்கியிருக்கவில்லை. செய்யத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் வந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நான்கு பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து வைத்தேன். "எனக்குப் பதினேழு ரூபாய் குடு" என்றேன். ஒரு பத்து ரூபாய் நோட்டைத் தூக்கிப் பார்த்தாள். "சில்லறை வேணுமே" என்றாள். மாற்றிக் கொடுத்தேன். பன்னிரண்டு நாணயத்திலிருந்து ஏழு எண்ணினாள், நோட்டு மூன்றிலிருந்து ஒன்று எடுத்தாள். மிச்சம் இரண்டு நோட்டு, ஐந்து நாணயம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப இது கடனே இல்லையேண்ணே. நம்ம காசைத்தானே சில்லறை மாத்துனோம். பின்ன எதுக்குக் கடன்னு சொல்லிக்குடுத்தீங்க?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என்னிடம் பதிலும் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு சொல் தப்பு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்கிறாள். அவள் சொல்வது சரி.

பல வருடம் கழித்து இன்னொன்று தெரிந்துகொண்டேன். பிரிட்டன் பள்ளிகளில் ஒரு காலத்தில் கழித்தலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் முறையிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மேலே 2-க்கு ஒரு பத்தைச் சேர்த்து 12 ஆக்கினால், கீழே 17-க்கும் ஒரு பத்தைச் சேர்த்து 27 ஆக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் பத்துக் கூடியதால் வித்தியாசம் மாறாது. 12-ல் 7 போக 5, 4-ல் 2 போக 2. விடை 25. அவள் திருப்பிக் கொடுத்தது தப்பில்லை, கொடுத்த இடம்தான் தப்பு. நான் சிவப்பில் சுழித்ததெல்லாம் ஒரு முறையின் பாதி. இதை அன்றே தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ளும் எண்ணம் வந்ததே அவளால்தான்.

கற்பித்தல் மீது எனக்குப் பிறந்த ஆசை எது என்று கேட்டால் இந்த வராந்தாவைத்தான் சொல்வேன், திண்ணையை அல்ல. திண்ணையில் இருந்தது கைதட்டல்மேல் ஆசை.

*

ஆனால் கதை இங்கே நல்லபடியாக முடியவில்லை. ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. நான் கல்லூரிக்குப் போனேன், வளாகத் தேர்வில் வேலை கிடைத்தது, சென்னைக்கு வந்தேன். வாத்தியார் ஆகவில்லை. ஆசை இருந்தது. சம்பளத்தையும் பார்த்தேன், வீட்டுக் கடனையும் பார்த்தேன். அதை நியாயப்படுத்தவும் மாட்டேன், அதற்காக அழவும் மாட்டேன். பதிலைப் பட்ட கடன் என்று சொல்லிவிட்டு, ஒரு மாதத்தில் ஊரைவிட்டுப் போனவன் நான் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

"ஜூன்லேருந்துதான் பாடம்" என்று தலைமையாசிரியை சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. ஒரு கேள்விக்குப் பதில் தேட நான்கு நாள் அலைந்ததை நான் பெரிய அனுபவமாக வைத்திருக்கிறேன். அவருக்கு ஒரு வகுப்பறை நிறையக் கேள்விகள், முப்பது வருடம், மதிய உணவுக் கணக்கு, வருகைப் பதிவேடு, மழை ஒழுகும் ஓடு. அவர் தன் ஆசையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஆசை தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆசை ஒருவரை வாசல்வரை கொண்டுவந்து விடும். அடுத்த நாள் அதே நேரத்துக்கு வருவது வேறு ஒன்று. 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, தமிழ்நாடு முழுக்க மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்குப் பெண்கள் மாலை வேளையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பட்டம் முடித்து வேலை கிடைக்காதவர்கள் உண்டு, கல்யாணத்தோடு படிப்பு நின்றவர்கள் உண்டு. நான் மே மாதத்தில் கண்டுபிடித்ததாக நினைத்ததை அவர்கள் மழையிலும் பொங்கலிலும் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்படியானால் ஆசிரியர் ஆகாதவன் எல்லாம் கடனைத் திருப்பாதவனா? அப்படி நான் நினைக்கவில்லை. எல்லோரும் வகுப்பறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கேள்வி வகுப்பறையில் மட்டும் வருவதில்லை. போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ஒரு நிரலைக் காட்டி, இங்கே ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். "அது அப்படித்தான், ரொம்ப நாளா இருக்கு" என்று வாய்வரை வந்துவிட்டது. இந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரியும். "அது கணக்குக் கடன்" என்பதன் அலுவலக வடிவம் அது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வரி தேவையே இல்லை என்று அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் கண்டுபிடித்தோம். இப்போதெல்லாம் நான் யாரிடமும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். காத்திருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. தேடிப் போய் நன்றி சொல்லலாமா என்று நினைத்ததுண்டு. அதுவும் என் திருப்திக்காகவே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகன் கழித்தல் கணக்கோடு திணறிக்கொண்டிருந்தான். "மாமா, இங்க கடன் வாங்கணுமா?" என்றான். "கடன் இல்லடா. சில்லறை மாத்தணும்" என்றேன். பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தேன். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, "இதை உங்க ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்களா?" என்று கேட்டான்.

"இல்ல. நம்ம ஊர்ல ஒரு அக்கா எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க" என்றேன்.